கழற்றிப் போட்ட இருக்கைகள்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இடது முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. மற்றபடி சுகம்தான். அப்பாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? போன தடவை பேசியபோது இருமினாய். வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை தானாகப் போகும் என்று விட்டுவிட்டாயா?

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போன் உன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அவரும் அங்கேயேதான் இருக்கிறார். உன்னோடு பேசினால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பார். தபால் வரும் நேரத்தில் அவர் நடைக்குப் போயிருப்பார். நமக்கு இதுதான் தோது.

விஷயத்துக்கு வருகிறேன். கூடத்து சோபாவில் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. போன வாரம் உன் அப்பாவின் பேன்ட்டைப் பதம் பார்த்துவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம்" என்றார். "மரம் நல்லாத்தானே இருக்கு. இருக்கையை நானே மாத்திக்கறேன்" என்றேன். "நீயா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே செய்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பஸ்ஸுக்கும் தியேட்டருக்கும் இருக்கை தைக்கிற பட்டறையில் நீ வேலை செய்கிறாய். உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்? பழைய துணியை எப்படிப் பிரிப்பது, ஆணியை எதைக் கொண்டு எடுப்பது, எங்கே ஆரம்பிப்பது, எல்லாம் விவரமாக எழுது. உன்னிடம் கேட்டதாக அவரிடம் சொல்லப் போவதில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்து, வந்த வேகத்தில் திரும்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு உன் பேச்சை எடுத்தாலே அவருக்குக் காது கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


பிப்ரவரி 14

அன்புள்ள அம்மா,

இருமல் போய்விட்டது. வெந்நீரும் குடிக்கவில்லை, மருந்தும் சாப்பிடவில்லை. நேரில் சொன்னால் திட்டுவாய், அதனால் கடிதத்தில் சொல்கிறேன். உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை நீயும் என்னை மாதிரிதானா?

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா என்னவென்று கேட்டார். "எங்கம்மா வீட்டுல சோபாவைப் பிரிக்கப் போறாங்களாம்" என்றேன். "வரச் சொல்லு, இங்க ஆள் பத்தல" என்றார்.

சோபாவைக் குப்புறக் கவிழ்த்துவிடு. அடியில் மெல்லிய கறுப்புத் துணி இருக்கும், அதில் ஆரம்பி. கடைசியாக அடித்ததை முதலில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பழைய ஸ்க்ரூடிரைவரை ஆணித்தலைக்கு அடியில் கொடுத்து, பின்னால் சுத்தியலால் மெதுவாகத் தட்டு. தலை கிளம்பியதும் குறடால் பிடித்து இழு. மரத்தின் ரேகை ஓடுகிற திசையில்தான் தட்ட வேண்டும், குறுக்கே தட்டினால் மரம் பிளந்துவிடும். துணியைக் கிழித்து எறிந்துவிடாதே, அதை அளவாக வைத்துத்தான் புதுத் துணி வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் முன்பக்கம், பின்பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வை. மூக்கை மூடிக் கட்டிக்கொள். அந்த சோபாவுக்குள் என் வயசுத் தூசி இருக்கும்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து வேலை செய்யாதே. சோபாவை மேஜை மேல் ஏற்றிக்கொள்.

மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

நலமா? நான் நலம். சோபாவை மேஜை மேல் ஏற்ற உன் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். முனகிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார்.

அடேயப்பா, என்ன சுகமான வேலை இது. ஒவ்வொரு ஆணியும் "டக்" என்று கிளம்பும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று இறங்குகிறது. இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் விட்டோமே என்று இருக்கிறது. துணி, அதன் கீழே பஞ்சு, அதன் கீழே நார், அதன் கீழே சாக்கு, அதையும் எடுத்தால் ஸ்பிரிங், கடைசியில் ஸ்பிரிங்கைத் தாங்கக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த சணல் பட்டை. எல்லாவற்றையும் எடுத்துத் தனித்தனியாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். வெறும் மரச்சட்டம் மட்டும் நிற்கிறது.

உள்ளே என்ன கிடைத்தது தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார் என்று உன் அப்பா ஒரு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தாரே, அந்தப் பேனா. கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது வேற பேனா" என்றார்.

ஒன்றைப் புதுசாக்கி மற்றதைப் பழசாக விட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அதனால் பக்கத்தில் இருந்த ஒற்றை சோபா இரண்டையும் பிரித்துவிட்டேன். அடுத்தது சாப்பாட்டு மேஜையின் நாலு நாற்காலி. அதில் ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கழற்றுவது என்று உடனே எழுது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


மார்ச் 20

அன்புள்ள அம்மா,

நலம். பட்டறையில் ஒரு தியேட்டரின் இருக்கைகள் மொத்தமாக வந்து இறங்கியிருக்கின்றன, அதனால்தான் பதில் தாமதம். ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் மிட்டாய்க் காகிதத்தையும் சூயிங்கத்தையும் சுரண்டியே பொழுது போகிறது.

சாப்பாட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பார். நாலு மூலையிலும் உள்ளே அமுங்கிய ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றினால் இருக்கைப் பலகை தனியாகக் கையோடு வந்துவிடும். அதை மடியில் வைத்துக்கொண்டே துணி மாற்றலாம். உள்ளதிலேயே சுலபமான வேலை அதுதான். அதை முதலில் முடித்திருந்தால் சோபாவுக்குக் கை பழகியிருக்கும்.

சோபாவுக்குப் பட்டை அடித்துவிட்டாயா? பட்டையின் ஒரு முனையை அடித்து, மறுமுனையைக் கட்டையில் சுற்றி நன்றாக இழுத்து, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும்வரை இறுக்கி, அப்புறம் அடிக்க வேண்டும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அப்பாவை இழுக்கச் சொல். பட்டை இல்லையென்றால் இங்கிருந்து அனுப்புகிறேன். ஸ்பிரிங்கைக் கட்டும் முடிச்சைப் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது அப்பா எதில் உட்காருகிறார்? தன்னுடைய கை வைத்த நாற்காலியிலா? போன கடிதத்தில், அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. மறந்திருப்பாய்.

மகள்


ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. முடிச்சு அழகாக இருக்கிறது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பட்டை அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு அவசரம் இல்லை.

நீ சொன்ன மாதிரி நாலு நாற்காலியும் கையோடு வந்துவிட்டன. இருக்கைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு சட்டம் நிற்கிறது. தரையில் உட்கார உன் அப்பாவின் இடுப்பு விடாது, தன் நாற்காலியில் சிந்தவும் மனசில்லை, அதனால் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மெத்தையில் சிந்துகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை. "எப்பதான் முடியும் இந்த வேலை?" என்று கேட்டார். "வேலைன்னா நடந்துட்டுதானே இருக்கும்" என்றேன்.

தெருச் சங்கத்துக்கு இன்னும் அவர்தான் செயலாளர். மாதம் முதல் ஞாயிறு கூட்டம் நம் கூடத்தில்தான். நான் பாயும் விரிக்கவில்லை, இந்தத் தடவை வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். வழக்கமாகச் சாக்கடையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை இழுக்கிற கூட்டம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மேல்மாடி நர்சம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு மாசமும் இப்படியே வச்சிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர், வார்த்தையை வீணாக்க மாட்டார்.

மறுநாள் உன் அப்பா எதிர்வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கடன் வாங்கி வந்தார். பேனா விஷயத்தில் பேசாமல் இருந்தவரிடமே போய்க் கேட்டிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள். அவர் குளிக்கப் போனதும் இரண்டையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி மிச்சம் அவருடைய கை வைத்த நாற்காலிதான். அதில் பின்பக்கத் துணி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. அதை எங்கிருந்து பிரிப்பது?

அம்மா


ஏப்ரல் 25

அம்மா,

நான் நலம், நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டும். நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். எப்படிப் பிரிப்பது, எப்படிக் கழற்றுவது, எங்கே ஆணி, எங்கே ஸ்க்ரூ. எப்படித் திரும்பப் போடுவது என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. நானாக எழுதியதையும் எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறாய். துணி வாங்கினாயா? என்ன நிறம் என்றுகூட நீ சொல்லவில்லை. நம் வீட்டுத் திரைச்சீலைக்கு நிறம் பார்க்க என்னை எத்தனை கடை ஏற்றி இறக்கியவள் நீ.

அப்பாவின் நாற்காலியை எப்படிப் பிரிப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. அதை மட்டும் விட்டுவிடு. அவருக்கு வயசாகிறது.

உனக்கும்தான்.

மகள்


மே 12

இது உனக்கு எழுதும் கடிதம் அல்ல. உன் தாயாரைப் பற்றிய கடிதம். ஆகவே நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

இந்த வீட்டில் இன்றைய தேதியில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. சோபா மூன்றும் எலும்புக்கூடு. சாப்பாட்டு நாற்காலி நான்கும் அப்படியே. சென்ற வாரம் நான் தபால் நிலையம் போய் வருவதற்குள் என்னுடைய நாற்காலியையும் பிரித்துவிட்டாள். உள்ளேயிருந்த நார் கூடம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. உன் கடிதங்கள் வருவது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைக்க வேண்டாம். தபால்காரருக்கு வாய் இருக்கிறது.

ஆள் வைத்து முடிக்கலாம் என்று குஷன் வேலை செய்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். வாசலிலேயே நிறுத்தி, "வேலை நடந்துட்டிருக்கு, ஆள் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாதியில கிடக்கேம்மா" என்றார். "பாதியிலதான் கிடக்கும்" என்றாள்.

அப்போதுதான் நேராகக் கேட்டேன். "என்னடி நினைச்சிட்டிருக்கே?" என்றேன். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது: "அவ வந்து உட்கார்ந்தா. எழுந்திரு, உனக்கு இங்க நாற்காலி இல்லன்னீங்க. சரி. இப்ப யாருக்கும் இல்ல."

அன்று நான் சொன்னது உண்மை. அதை இப்போதும் மறுக்கவில்லை. புருஷன் வீட்டை விட்டு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்வது? அந்தப் பையன் நல்லவன் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். இருந்தாலும் நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. நீ ஏன் வந்தாய் என்ற காரணத்தை எனக்கு எழுது. அது நியாயமான காரணமாக இருந்தால் யோசிக்கிறேன். அதற்கு முன் உன் தாயாரிடம் சொல்லி இந்த வேலையை நிறுத்தச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் தாயாரின் கணவர்


மே 20

அப்பா,

நீங்கள் நலம் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்? இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறீர்களா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். ஒரு அறை, ஒரு ஜன்னல், நானே தைத்துப் போட்ட ஒரு நாற்காலி. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆணி பிடுங்கச் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான். எதற்காகப் பிடுங்குகிறாள் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. படித்துவிட்டுப் பட்டறையின் பின்பக்கம் போய் அழுதேன். என் அம்மாவை நினைத்து எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததே இல்லை. அவளை நிறுத்தச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

காரணம் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். சொல்ல முடியாமல் இல்லை. விண்ணப்பம் கொடுத்து, காரணம் காட்டி, நீங்கள் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நாற்காலி என்றால், அது ஆபீஸ். ஆபீஸில் உட்கார எனக்கு வேறு இடம் இருக்கிறது. நான் பிறந்த வீட்டுக்கு வந்தேன். வந்தவளை முதலில் உட்கார விட்டிருக்க வேண்டும்.

வெறும் சட்டத்தின் மேல் உட்காராதீர்கள். இருக்கை இல்லாமல் பாரம் விழுந்தால் மூட்டு விலகிவிடும். மரத்தைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. நீங்கள் இல்லை என்று சொன்ன உறவை நானாக எழுதப் போவதில்லை.


ஜூன் 8

அன்பு மகளுக்கு,

சுகம். நீ அவருக்கு எழுதியதைப் படித்தேன். அவரே என் முன்னால் கொண்டுவந்து போட்டு, "பாரு உன் மகளோட திமிரை" என்றார். இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று மடித்துக் கொடுத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று கோபப்படாதே. சொன்னால் வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்றால் எனக்குக் கை ஓடாது. இது உனக்கும் அவருக்கும் நடக்கிற சண்டை மட்டும் இல்லை. இந்த வீட்டு நாற்காலிகளைத் துடைத்தது யார்? கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டது யார்? யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் பாட்டுக்கு எழுந்திரு என்கிறார், என் பெண் எழுந்து போகிறாள். இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லையா?

இன்னொன்று. அன்று அந்த வெயிலில் மணிக்கட்டுவரை மூடிய சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாய். தண்ணீர் டம்ளரை வலது கையால் மட்டும் வாங்கினாய், இடது கையை அசைக்கவே இல்லை. எனக்குக் கண் தெரியும். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரிடமும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரு நிமிஷத்தில் மனசு மாறிவிடுவார், எனக்குத் தெரியும். ஆனால் உன் கையைக் காட்டித்தான் உனக்கு இடம் வாங்க வேண்டும் என்றால் அப்படி ஒரு இடம் எனக்கு வேண்டாம். அது உன் விஷயம். சொன்னால் சொல், விட்டால் விடு. அவர் ஒன்றும் தெரியாமலே உன்னைக் கூப்பிட வேண்டும்.

நேற்று கோபித்துக்கொண்டு ஓட்டலில் போய்ச் சாப்பிட்டு வந்தார். "அங்க உட்காரவெச்சு சோறு போட்டான்" என்றார். "அப்படியா, நல்ல மனுஷன்" என்றேன்.

நன்றாகத் தூங்கு.

அம்மா


ஜூன் 19

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நாட்களை ஓட்டிவிட்டேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் என்னால் முடிந்த மட்டும் மறைத்தேன். நீ எத்தனை கெட்டிக்காரி.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதற்காவது பதில் எழுது. நீ எதில் உட்காருகிறாய்? அப்பாவாவது கட்டிலில் உட்காருகிறார். உன்னை எனக்குத் தெரியும். நீ அதுவும் செய்ய மாட்டாய். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முழங்கால் வீங்கியிருந்தால் உடனே ஒரு நாற்காலிக்கு இருக்கையைப் போட்டு உட்கார். நான் தோற்றுப் போனதாக நினைக்க மாட்டேன்.

பதில் எழுது.

மகள்


ஜூலை 27

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமா? உன் அம்மா பதில் எழுதவில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாதக்கணக்கில் பகலெல்லாம் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். இதை நான் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்காரச் சொன்னேன். "கட்டில் படுக்கறதுக்கு" என்றாள். டாக்டர் வந்து ஊசி போட்டார். இப்போது படுத்திருக்கிறாள். வீக்கம் குறைகிறது. பயப்பட வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "நாற்காலி எல்லாம் எப்ப சார் ரெடியாகும்?" என்று ஒருவர் கேட்டார். வழக்கம்போல் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே உன் அம்மா வலியில் முனகுவது கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, "என் பொண்ணை உட்காராதேன்னு சொன்னேன், அதுக்காக என் சம்சாரம் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டா" என்று சொல்லிவிட்டேன். மேல்மாடி நர்சம்மா, "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றார்.

காரணம் சொல் என்று உனக்கு எழுதியவன் நான். என்னிடம் காரணம் கேட்டபோது நின்றேன். அன்று நீ வாசல் ஏறி வருவதைத் தெருவில் இரண்டு பேர் பார்த்தார்கள். நீ உட்கார்ந்தாய். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் எழுந்திரு என்றேன். வேறு எதுவும் இல்லை. அந்த இரண்டு பேரும் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் நினைத்ததாகவே தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு பரணில் ஏறி ஒரு சாப்பாட்டு நாற்காலியின் இருக்கையை எடுத்து வந்தேன். எப்படிச் செய்வது என்று உன் அம்மாவைக் கேட்டேன். "தெரிஞ்சவகிட்ட கேளுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானே துணி வாங்கி அடித்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆணி அடித்துவிட்டு மறுபக்கம் இழுத்தால் கோடு போட்ட துணி கோணலாகப் போகிறது. அடித்து முடித்த பிறகுதான் துணியின் உள்பக்கம் வெளியே இருப்பது தெரிந்தது. கட்டைவிரலில் நகம் கறுத்துவிட்டது. அப்படியே ஸ்க்ரூ போட்டு மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது உட்காரத் தகுந்தது அது ஒன்றுதான். நான் அதில் உட்காரவில்லை. உன் அம்மாவும் உட்கார மறுத்துவிட்டாள்.

நான் சொன்னது தப்பு. நீ வா. ஏன் வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன். இப்போதும் கேட்க மாட்டேன், எப்போதும் கேட்க மாட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பா,

நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் வீக்கம் வற்றியதா? டாக்டர் சொன்ன மாத்திரையை அவள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள், விழுங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நகம் தானாக விழுந்து புதிதாக முளைக்கும், அதைப் பிய்க்காதீர்கள்.

காரணம் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

அவர் என்னை அடித்தார். கல்யாணம் ஆன முதல் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சட்டையில் ஒரு பொத்தான் தைக்காமல் விட்டதற்காக அடித்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார், நானும் விட்டுவிட்டேன். அப்புறம் பொத்தானும் தேவைப்படவில்லை, மன்னிப்பும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் என் இடது கையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். அந்தக் கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அந்தக் கையால்தான் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆணி அடிக்கிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கே உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். அம்மாவிடம் இல்லை, உங்களிடம். அவர் நல்லவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள், அதனால் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லலாம் என்று இருந்தேன்.

இதைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், வக்கீலைப் பார்த்தாயிற்று. எனக்காக அழவும் வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வந்து ஒரு வாய் சாப்பிட்டதும் அது போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபத்தோடுதான் வருகிறேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஆட்டோ பிடித்து வாசலில் இறங்க மாட்டேன். தெரு முனையில் இறங்கி நடந்துதான் வருவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீங்கள் தெரு முனைக்கு வந்து நில்லுங்கள், அப்பா. என்னோடு நடந்து வாருங்கள்.

உங்கள் மகள்